சின்னம்மாவிடம் யாராவது கேட்டீர்களா?

கேள்வி: சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். வயது 31. என் அம்மாவின் தங்கைக்கு 44 வயது. பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு. சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேச வராது. கல்யாணம் ஆகவில்லை. ஏற்காட்டுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாமா வீட்டில் இருக்கிறார். ஏழெட்டு மாதமாக உதிரப்போக்கு அதிகம். சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, கர்ப்பப்பையில் கட்டி என்றார்களாம். கர்ப்பப்பையை எடுத்துவிட மாமா சம்மதம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதன் பிறகு கீழே ஒரு காப்பகத்தில் சேர்த்துவிடப் போகிறாராம். அம்மாயி (அம்மாவின் அம்மா) இறந்து 2 வருடம் ஆகிறது, உயில் எழுதவில்லை. அவர் பேரில் ஒன்றேகால் ஏக்கர் காப்பியும் மிளகும் இருக்கிறது. போன மாதம் சின்னம்மாவைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போனதாகக் கேள்விப்பட்டேன். என் அம்மாவும் இப்போது இல்லை. சின்னம்மாவுக்காகப் பேச ஆளே இல்லை. நான் கார்டியன் ஆகி அவரை என்னோடு அழைத்து வந்துவிட என்ன செய்ய வேண்டும்?
(பெயர் வேண்டாம், சேலம்)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் கைப்பட எழுதிய மூன்று பக்கம். இடம் கருதி மேலே சுருக்கிவிட்டோம். முழுக் கடிதத்தையும் இரண்டு தடவை படித்தேன். மாமா என்ன சொன்னார், அத்தை என்ன சொன்னார், டாக்டர் என்ன சொன்னார், உங்கள் வீட்டுக்காரர் என்ன நினைக்கிறார், எல்லாம் இருக்கிறது. சின்னம்மா என்ன சொன்னார் என்று மட்டும் ஒரு வரி இல்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் சமூகப் பணியாளராக 29 வருடம் குப்பை கொட்டியவள் நான். இதே தப்பை நானும் செய்திருக்கிறேன், பின்னால் சொல்கிறேன்.

முதலில் உடம்பு. ஏழெட்டு மாதம் உதிரம் போனால் ரத்தம் வற்றிப்போகும். படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, கண் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கிறதா, நின்றால் தலை சுற்றுகிறதா? ஒன்று இருந்தாலும் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இன்றைக்கே அழைத்துப்போய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஏற்காடு அரசு மருத்துவமனையிலேயே ஆரம்பிக்கலாம். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் எந்தச் சட்டமும் கையெழுத்துக்காகக் காத்திருக்கச் சொல்லவில்லை. உங்களுக்கும் மாமாவுக்கும் நடக்கிற இழுபறியில் சிகிச்சை ஒரு நாள்கூடத் தள்ளிப்போகக் கூடாது.

ஆனால் சிகிச்சை வேறு, கர்ப்பப்பையை எடுப்பது வேறு. அது நார்க்கட்டி என்றால் மாத்திரை உண்டு. உதிரத்தைக் குறைக்க, உள்ளே வைக்கிற ஹார்மோன் சாதனம் உண்டு. கட்டியை மட்டும் எடுக்கிற அறுவை உண்டு. மாதவிலக்கு நின்றபின் பெரும்பாலும் கட்டி தானாகவே சுருங்கும், சின்னம்மாவுக்கு அந்த வயது வெகுதூரத்தில் இல்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு எடுப்பதுதான் நல்லது என்று டாக்டர் சொன்னால் அதுவும் சரியாக இருக்கலாம். அதைத் தீர்மானிக்க நான் டாக்டர் இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது இது. மற்ற வழிகளைச் சொன்னார்களா? அல்லது “இவங்களுக்கு எதுக்குங்க அது, மாசா மாசம் துணி அலசிட்டு” என்ற பேச்சில் முடிவானதா? உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் அத்தை சொன்னதாக அந்த வாக்கியம் இருக்கிறது. சேலம் அரசு மருத்துவமனையின் மகப்பேறு, மகளிர் நோய்ப் பிரிவில் இன்னொரு கருத்துக் கேளுங்கள். ஸ்கேன், குறிப்பு எல்லாவற்றையும் தனியார் மருத்துவமனையிடம் எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி. நோயாளியோ அவர் சார்பில் அதிகாரம் பெற்றவரோ கேட்கலாம்.

அத்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருபது முப்பது வருடமாக அந்தத் துணியை அலசியது அவர் கைதான். அவரிடமும் யாரும் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. மலை ஏறும்போது அத்தையை எதிரியாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

இப்போது சம்மதம். 18 வயது தாண்டிய யாருக்கும், மூளை வளர்ச்சி குறைந்தவராக இருந்தாலும், அண்ணனோ அப்பாவோ தானாகவே கார்டியன் ஆகிவிடுவதில்லை. சட்டப்படி நியமித்தால்தான் கார்டியன். வீட்டில் பெரியவர் என்பதற்காக மாமா சொன்னது சின்னம்மாவின் சம்மதம் ஆகாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 10-ஆம் பிரிவு, பிள்ளைப்பேறு இல்லாமல் போகச் செய்யும் எந்த மருத்துவ முறையையும் அவருடைய விவரமறிந்த சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்த்த சமீரா கோலி வழக்கைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பெண்ணுக்கும் 44 வயது, கல்யாணம் ஆகாதவர், உதிரப்போக்குக்காகப் போனவர். பரிசோதனைக்காக மயக்கத்தில் இருந்தபோது வெளியே இருந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அம்மாவின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். அவர் சுயமாக முடிவெடுக்கக்கூடியவர், உங்கள் சின்னம்மாவின் நிலை வேறு என்று வக்கீல்கள் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அடுத்த வருடமே, 2009-இல், சண்டிகரில் அரசுக் காப்பகத்தில் இருந்த மூளை வளர்ச்சி குறைந்த பெண்ணின் கர்ப்பத்தைக் கலைக்கச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. குழந்தை வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தார். அதுதான் கணக்கில் வந்தது.

ஆக, கேட்க வேண்டும். யார் கேட்பது, எப்படிக் கேட்பது?

வார்டில் கேட்கிற விதம் எனக்குத் தெரியும். கட்டிலைச் சுற்றி டாக்டர், நர்ஸ், வீட்டு ஆட்கள் மூன்று பேர். “ஆபரேசன் பண்ணிக்கலாமாம்மா?” “ம்.” எழுதியாயிற்று. அதே ஆளிடம் அடுத்த நிமிடம் “ஆபரேசன் வேண்டாமா?” என்று கேட்டுப் பாருங்கள். “ம்” என்றுதான் வரும். சின்ன வயதிலிருந்து தலையாட்டினால்தான் திட்டு விழாது என்று பழகியவர்கள் இவர்கள். அந்த “ம்”முக்கு அர்த்தம், சீக்கிரம் விடுங்கள் என்பது.

என் தப்பைச் சொல்கிறேன் என்றேனே. பல வருடம் முன்னால் சேலத்தில் குகை என்கிற பகுதியைச் சேர்ந்த தறிக்காரர் ஒருவர் பக்கவாதம் வந்து சேர்ந்திருந்தார். பேச்சு போய்விட்டது. ஒரு கை மட்டும் இழுத்து விட்டு, இழுத்து விட்டு ஆடிக்கொண்டே இருந்தது. டிரிப்ஸ் ஊசி பிடுங்கிக்கொள்கிறது என்று கையைக் கட்டிலோடு கட்டினார்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். மகன்கள் இரண்டு பேரும், அப்பாவுக்குச் சித்தம் கலங்கிவிட்டது, எங்கேயாவது சேர்க்க இடம் சொல்லுங்கள் மேடம் என்றார்கள். நான் இடம் தேடிக்கொண்டிருந்தேன். தரை துடைக்க வந்த அம்மாபேட்டை அம்மா ஒருவர்தான் நின்று பார்த்துவிட்டு, “அவரு நாடா ஓட்டறாருங்க, தறியில பாவு நிக்குதா?” என்று கேட்டார். நாடா என்பது நூலை இழுத்துக்கொண்டு தறியில் இங்கும் அங்கும் ஓடுவது, பாவு என்பது தறியில் ஏற்றிய நீள நூல். பாவு நின்றிருந்தது. நெய்யச் சொன்ன மேஸ்திரிக்குக் கொடுக்க வேண்டிய சேலை பாதியில். மகனைக் காதருகே கூப்பிட்டு, பாவை வேறு தறிக்காரருக்கு மாற்றிவிட்டோம் என்று சொல்லச் சொன்னோம். கை நின்றது. சித்தம் தெளிவாகத்தான் இருந்தது.

அந்த அம்மாவுக்கு அந்த வீட்டில் சொத்து இல்லை, ஆஸ்பத்திரியில் அதிகாரம் இல்லை, தறி மட்டும் தெரியும். அப்படி ஒருவர்தான் இப்போது உங்கள் சின்னம்மாவுக்குத் தேவை.

இங்கிலாந்தில் இதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது. அங்கே 2005-இல் ஒரு சட்டம் போட்டு 2007-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். சுயமாக முடிவெடுக்க முடியாத ஒருவருக்குப் பெரிய சிகிச்சையோ நீண்ட நாள் காப்பக வாசமோ முடிவாகப் போகிறது, கலந்துபேச வீட்டாரோ நண்பரோ இல்லை என்றால், சுயேச்சையான ஓர் ஆளை அனுப்பியாக வேண்டும். அவரை அட்வகேட் என்பார்கள், கறுப்புக் கோட்டு வக்கீல் இல்லை. தனியாக உட்கார்ந்து பேசவும் மருத்துவக் குறிப்பைப் பார்க்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. முடிவெடுக்கிற அதிகாரம் கிடையாது. அவர் எழுதித் தருவதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் முடிவெடுக்க வேண்டும். எனக்குப் பிடித்தது, முடிவெடுக்கிற அதிகாரம் அவருக்கு இல்லை என்பதுதான். “உனக்கு நல்லது எது என்று எனக்குத் தெரியும்” என்று சொல்ல ஏற்கனவே பத்துப் பேர் இருக்கிறார்கள், பதினோராவது ஆள் எதற்கு? தமிழில் இதற்கு நல்ல சொல் இன்னும் அமையவில்லை. “பேச்சுத் துணை” என்று சொல்லிப் பார்த்தேன். திண்ணையில் ஊர்க்கதை பேசுவதற்கு ஆள் தேடுகிற மாதிரி இருக்கிறது என்று வீட்டில் சிரித்தார்கள். இருக்கட்டும், எனக்கு அது தப்பாகப் படவில்லை.

நம் ஊரில் அந்தப் பெயரில் ஒரு பதவி இல்லை. துண்டு துண்டாக இருப்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மனநலச் சட்டம் 2017-இல், தன் சார்பில் நிற்க ஒருவரை வெள்ளைத் தாளில் எழுதி நியமித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் யாராவது அதை உங்களிடம் சொல்வார், ஆனால் அது மனநோய்க்கு மட்டும். மூளை வளர்ச்சிக் குறைவை அந்தச் சட்டம் வெளியே வைத்துவிட்டது. உங்களுக்கு நேஷனல் டிரஸ்ட் சட்டம் 1999-தான் பொருந்தும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர்க் குழு ஒன்று உண்டு, அதில் ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதியும் ஒரு மாற்றுத்திறனாளியும் இருப்பார்கள். கார்டியன் மனு அங்கேதான். விவரம் கலெக்டர் ஆபீசில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கிடைக்கும். அந்தக் குழு முதலில் பார்க்க வேண்டியது, இவருக்குக் கார்டியனே தேவையா, தேவை என்றால் எந்தக் காரியத்துக்கு என்பதை. யார் நல்ல கார்டியன் என்பது அதற்குப் பிறகுதான்.

இங்கேதான் உங்களுக்குக் கசக்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மாயி உயில் எழுதவில்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்த ஒன்றேகால் ஏக்கர் மூன்று பங்கு. மாமாவுக்கு ஒன்று, சின்னம்மாவுக்கு ஒன்று, இறந்துபோன உங்கள் அம்மாவின் பங்கு உங்களுக்கும் உங்களுடன் பிறந்தவர்களுக்கும். நாளைக்குச் சின்னம்மாவுக்கு ஒன்று ஆகிவிட்டால், பிள்ளை இல்லாத அவர் பங்கும் திரும்பி மாமாவுக்கும் உங்கள் பக்கத்துக்கும்தான் வரும். நீங்கள் அதை நினைத்து எழுதவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் மாமா நினைத்துப் பார்ப்பார், ஊர் நினைத்துப் பார்க்கும், குழுவும் பார்க்கும். 2016 சட்டத்தின் 13-ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது: ஒரு சொத்து, பண விவகாரத்தில் துணை நிற்பவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் நலன் மோதினால், அந்தக் காரியத்தில் துணை நிற்பவர் விலகிக்கொள்ள வேண்டும். மாமாவுக்கு அது பொருந்துகிறது. நில விஷயத்தில் உங்களுக்கும் பொருந்துகிறது.

அதனால் கார்டியன் பேச்சை இப்போதைக்கு ஆறப்போடுங்கள். பத்திர ஆபீஸ் விஷயத்தை மட்டும் உடனே பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண் போட்டு வில்லங்கம் பாருங்கள். பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதும் விடுதலைப் பத்திரம் ஏதாவது பதிவாகியிருந்தால் அதில் தெரியும். பதிவாகியிருந்தால் மாமாவிடம் சண்டைக்குப் போகாமல் நேராக அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்துக்குப் போய் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக்கொடுங்கள். பெண் என்றாலே இலவச வக்கீல் உண்டு, மாற்றுத்திறனாளி என்றாலும் உண்டு, வருமானம் பார்ப்பதில்லை. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வக்கீல் சின்னம்மாவுக்காக என்று கேளுங்கள். உங்களுக்காக என்று கேட்டால் அது வேறு வழக்கு. யாராவது அவரை மிரட்டிக் கைநாட்டு வாங்குவதாகத் தெரிந்தால், தாசில்தாரிடமோ வருவாய்க் கோட்டாட்சியரிடமோ அந்த 2016 சட்டத்தின் 7-ஆம் பிரிவில் யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம். அதற்கு நீங்கள் கார்டியனாக இருக்க வேண்டியதில்லை.

சரி, யார் கேட்பது? உங்கள் கிராமத்துக்கு வருகிற கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்க மக்களைத் தேடி மருத்துவம் பெண் வீடு வீடாக வருகிறார். சின்னம்மா யாரைப் பார்த்தால் சிரிக்கிறார் என்று கவனியுங்கள். மலையில் எல்லோருமே ஏதோ ஒரு வகையில் சொந்தம், அதனால் மாமா வீட்டோடு கொடுக்கல் வாங்கல் இல்லாதவராகப் பாருங்கள். சிறப்பாசிரியர் ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது, படம் வைத்துப் பேசப் பழகியவர்கள் அவர்கள். நேஷனல் டிரஸ்டில் பதிவு செய்த நிறுவனம் எது என்று நல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். அப்படி ஒருவர் அமைந்தால், ஒரே நாளில் கேட்டு முடிக்கக் கூடாது என்று மட்டும் சொல்லி வையுங்கள். மூன்று நாள், மூன்று வேளை. ஒரு தடவை அடுப்படியில், ஒரு தடவை தோட்டத்தில். கேள்வியைத் திருப்பிப் போட்டும் கேட்க வேண்டும். “ரத்தம் வராம இருக்க மாத்திரை, ரத்தம் வராம இருக்க ஆஸ்பத்திரியில படுக்கறது” என்று இரண்டையும் முன்னால் வைத்து, கை எதன் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். சொன்ன வார்த்தை, காட்டிய சைகை, முகம் திருப்பியது, எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதட்டும். டாக்டரிடம் கொடுக்க வேண்டியது அந்த நோட்டு.

கேட்டால் அவருக்குப் புரியுமா என்று சந்தேகம் வரும். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீங்களே போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், காப்பி சீசனில் சின்னம்மாவின் கூடையில் ஒரு பச்சைக்காய்கூட இருக்காது என்று. பழுத்தது எது, விட்டுவைக்க வேண்டியது எது என்று செடிக்குச் செடி முடிவெடுக்கிறவர். ஆபரேசனைப் பற்றி அதே தெளிவோடு முடிவெடுப்பார் என்று சொல்ல மாட்டேன். ஒன்றுமே தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பவும் மாட்டேன்.

காப்பகத்துக்கும் இதேதான். பதிவுச் சான்று இல்லாமல் மாற்றுத்திறனாளிகளுக்கு இல்லம் நடத்தக் கூடாது, முதலில் அதைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு சின்னம்மாவை ஒரு நாள் அங்கே அழைத்துப்போய் மதியச் சாப்பாடு வரை இருக்கச் செய்யுங்கள். நாற்பது வருடம் மலைக் குளிரில் இருந்தவர், சித்திரை வெயிலில் தகர ஷீட்டுக்குக் கீழே எப்படி இருப்பார் என்று யாராவது யோசித்தார்களா தெரியவில்லை. பிடித்திருந்தால் அதுவும் அவர் இஷ்டம். உங்கள் வீட்டுக்கு வந்து இருப்பதும் அப்படித்தான், பட்டறைக்கு நீங்கள் போய்விட்டால் பகல் முழுக்க அவர் யாரோடு இருப்பார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். மாமா வீட்டிலேயே இருக்கிறேன் என்று அவர் சொன்னால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும். அதையும் நோட்டில் எழுதத்தான் வேண்டும்.

மாமாவுக்கும் வயதாகிறது. இத்தனை வருடம் சோறு போட்டவர். அவரிடம் பேசும்போது நிலத்தில் ஆரம்பிக்காதீர்கள், ரத்தப் பரிசோதனையில் ஆரம்பியுங்கள். “இன்னொரு டாக்டர்கிட்ட காட்டலாம் மாமா, செலவு நான் பாத்துக்கறேன்” என்றால் மறுக்க மாட்டார் என்று தோன்றுகிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போங்கள். வில்லங்கச் சான்றைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்குகிற நேரத்துக்கு, சின்னம்மாவோடு இரண்டு மணி நேரமாவது உட்கார்ந்து வாருங்கள். கேள்வி எதுவும் கேட்காமல் இருந்தாலும் பரவாயில்லை. எனக்கு மறுபடி எழுதும்போது அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுங்கள். “ம்” என்றால் “ம்” என்றே போடுங்கள், எதற்கு எப்போது சொன்னார் என்பதோடு.